உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மெஷின்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

பக்கத்துப் பேரூராட்சியில் டேங்க் ஆபரேட்டராக இருக்கும் தம்பி போன வாரம் போனில் கேட்டார்: "அண்ணே, அந்த உப்பு மெஷினை எங்களுக்கும் வாங்கலாம்னு பேசுறாங்க. வாங்கலாமா?" வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று காலைதான் எலெக்ட்ரோடில் (உப்புத் தண்ணீருக்குள் கரண்ட் பாய்ச்சும் தகடு) படிந்த சுண்ணாம்பை, இந்த வருடத்தில் மூன்றாவது தடவையாக, ஆசிட் விட்டுக் கழுவியிருந்தேன்.

கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் மெஷின் செய்த நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எங்கள் குடிநீர் நிலையத்தில் தினமும் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். கிருமியைக் கொல்ல லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்றால் 2 கிலோ குளோரின் வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் போட்ட காலத்தில் அது வெறும் குத்துமதிப்பு. புது மூட்டையில் 33 சதவீதம் குளோரின் இருக்கும். வெயிலிலும் ஈரத்திலும் கிடந்த மூட்டையில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் மருந்து வாடை என்று தெருவில் சண்டை, மறுநாள் கடைசித் தெருவில் குளோரோஸ்கோப்பில் (தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சளாகக் காட்டும் சோதனைப் பெட்டி) மஞ்சளே வராது. இப்போது 7 கிலோ உப்பைக் கரைத்து ஓடவிட்டால் அந்த 2 கிலோ கிடைத்துவிடுகிறது. அன்றன்று தயாரித்து அன்றன்றே செலவாவதால் வீரியம் குறைய நேரமே இல்லை. மெஷின் ஓடிய நாளெல்லாம் கடைசி வீட்டுக் குழாயில் குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறைந்ததில்லை. குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் அது. எனக்கு அதுதான் பெரிது.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். உப்பைக் கரைப்பது போர் தண்ணீரில். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் எலெக்ட்ரோடில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும், கரண்ட் அதிகம் இழுக்கும், குளோரின் குறையும். விற்க வந்தவர்கள் தண்ணீரின் கடினத்தன்மையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சர்வீஸ்காரர் மூன்றாவது முறை வந்தபோதுதான் "சாஃப்ட்னர் இல்லையா?" என்றார். தண்ணீரின் கடினத்தன்மையை எடுக்கும் கருவி அது. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? கழுவுவதும் லேசான வேலை இல்லை. உள்ளே மிச்சமிருக்கும் கரைசலை நல்ல தண்ணீர் விட்டு முழுக்க வெளியேற்றாமல் ஆசிட் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். ஒருமுறை அவசரப்பட்டு இரண்டு நாள் இருமினேன்.

அப்புறம், மெஷின் ஓடும்போது எளிதில் தீப்பிடிக்கும் ஹைட்ரஜன் வாயு வரும். அதை வெளியேற்றும் குழாய் கூரைக்கு மேலே போகிறதா என்று நீங்களே ஏறிப் பாருங்கள்.

தம்பி, பவுடருக்கு நான் திரும்பப் போகமாட்டேன். ஆனாலும் இப்போதைக்கு உனக்கு என் பதில் "வேண்டாம்" என்பதுதான். சாஃப்ட்னரையும் சேர்த்துத் தருகிறோம் என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் மறுபடி போன் பண்ணு.