அப்பாவைத் திட்டவா, டீயைக் கொட்டவா?

பார்க்கிற நம்மையே முடிவெடுக்கச் சொல்லும் படம் ஒன்று பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். வாங்கலாமா என்று அஸ்தம்பட்டி நண்பர் நேற்று கேட்டார். இந்த வகைப் படங்களோடு நான் வருடக்கணக்கில் மல்லுக்கட்டுவது அவருக்குத் தெரியும்.

எனக்கு ஆகாதது அந்தக் கோடு ஒன்றுதான். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பேண்டர்ஸ்னாட்ச்' படத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் பத்து நொடி. திரையின் அடியில் வெள்ளைக் கோடு சுருங்கிக்கொண்டே வரும். நாம் அழுத்தாவிட்டால் படமே ஒன்றைத் தேர்ந்துகொள்ளும். எங்கள் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. "அப்பாவைத் திட்டவா, கம்ப்யூட்டர் மேல டீயைக் கொட்டவா?" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கோடு போய்விடும். "டீயை எதுக்குக் கண்ணு கொட்டணும்?" என்று அம்மா கேட்பதற்குள் மீதியும் போய்விடும். மனசு படத்தில் ஒட்டுகிற நேரம் பார்த்துக் கை ரிமோட்டைத் தேடினால் அழுகை எங்கிருந்து வரும்?

அப்புறம் அந்த வேலை. படத்தின் நாயகன் கம்ப்யூட்டர் கேம் எழுதும் பையன், அவனைக் கேம் கம்பெனியில் சேரச் சொல்கிறார்கள். "தேடி வர்ற வேலையை விடுவாங்களா, சேரச் சொல்லு" என்றார் அம்மா. சேர்ந்தால் கேம் ஊற்றிக்கொள்கிறது, தப்பான பாதை என்று படம் நம்மைப் பழைய இடத்துக்கே துரத்துகிறது. "படம் எடுத்தவன் நெனச்சதுதான் நடக்கணும்னா என்னை எதுக்குக் கேட்டான்?" என்று கேட்டார் அம்மா.

நியாயமான கேள்வி, பழைய கேள்வியும்கூட. 1967 மாண்ட்ரியல் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் 'கினோஆட்டோமாட்' என்று, கூட்டமே ஓட்டுப் போட்டுக் கதையை நகர்த்தும் படம் ஒன்றைக் காட்டினார்கள். நாற்காலிக்கு நாற்காலி பச்சை, சிவப்பு பொத்தான்கள். கூட்டம் எதை அழுத்தினாலும் கதை சுற்றிக்கொண்டு ஒரே இடத்துக்கு வரும், கடைசியில் வீடு எரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அப்பாவைக் கொல்வதா, விலகுவதா என்று கேட்கும் இடம் வந்தது. நான் பாதிதான் சொல்லியிருப்பேன். "விலகறது எது?" என்று கேட்டுக்கொண்டே அம்மா என் கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்கித் தானே அழுத்தினார். அழுத்தின பிறகும் ரிமோட்டை விடவில்லை, மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். சீரியலில் வாரத்துக்கு ஒருத்தர் செத்தாலும் பூ கட்டிக்கொண்டே பார்க்கிறவர். மறுநாள் காலை இட்லி ஊற்றும்போது, "அந்தப் பையன் அப்பா பொழச்சுக்கிட்டாரில்ல?" என்று கேட்டார். மற்ற முடிவுகளைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

இன்னொரு தடவை போடு என்று அப்புறம் பலமுறை கேட்டார். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தேன். 2025 மே மாதம் படத்தையே தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். போதாததற்கு எங்கள் ரிமோட்டில் ஓகே பொத்தானும் போய், போன வாரம்தான் மாற்றினேன்.

அதனால் நண்பரே, பாதி விலை என்றாலும் வேண்டாம். மீறி வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். அம்மாவைக் கூட்டி வருகிறேன், தட்டுவடை செட் என் செலவு.