குழந்தையோடு மாலத்தீவு வாட்டர் வில்லா போகிறவர்கள் கவனத்துக்கு

மாலத்தீவில் பல ரிசார்ட்டுகள் கடல்மேல் கட்டிய வில்லாக்களில் சின்னக் குழந்தைகளைத் தங்க விடுவதில்லை. சில இடங்களில் 12 வயது ஆகியிருக்க வேண்டும். சில இடங்களில் பெற்றோர் பொறுப்பேற்று எழுதிக் கொடுத்தால் விடுவார்கள். காரணம் நியாயமானது: வெளித்தளத்துக்குத் தடுப்பு இருக்காது, நாலு படி இறங்கினால் கடல். இதைத் தெரிந்தே ஒரு டிராவல் ஏஜென்ட் எங்கள் ஆறு வயது மகளின் பெயரை புக்கிங்கில் சேர்க்காமல், எங்களிடம் முழுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு அனுப்பி வைத்தார். 2025 மே மாதம் நடந்தது. கோடை விடுமுறைக்கு இதேபோன்ற பேக்கேஜ் விளம்பரங்கள் சுற்றிக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

கல்யாணமாகிப் பத்து வருஷம் முடிவதையொட்டி, கடல்மேல் ஒரு வீட்டில் தங்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. எந்த நாடு என்று முடிவு செய்யவில்லை. ஏஜென்ட் மூன்று இடங்களைச் சொன்னார். முதலாவது பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினேசியாவில் இருக்கும் போரா போரா. இந்த மாதிரி வீடுகள் தொடங்கியதே அந்தத் தீவுக் கூட்டத்தில்தான். 1967-ல் ராயாத்தேயா தீவில் நல்ல கடற்கரை இல்லாததால் ஒரு ஹோட்டலின் உரிமையாளர்கள் தண்ணீருக்கு மேலேயே அறை கட்டினார்கள். ஆனால் நம் ஊரிலிருந்து போய்ச் சேரவே ஒரு நாளுக்கு மேல் ஆகும். குழந்தையோடு அது முடியாது என்று விட்டுவிட்டோம்.

இரண்டாவது மலேசியாவின் போர்ட் டிக்சன். அதற்குப் பக்கத்து ஊரான சிரம்பானில் இருக்கும் என் சித்தி மகளிடம் கேட்டேன். "அக்கா, மலாக்கா நீரிணை கடல். படத்துல பாக்குற நீலம் இருக்காது, கொஞ்சம் கலங்கித்தான் இருக்கும். ஆனா பிள்ளைங்களோட வர்றதுக்கு நல்ல இடம், கேஎல் ஏர்போர்ட்ல இருந்து ஒரு மணி நேரம்தான், கார்லயே வந்துரலாம்" என்றாள். எவ்வளவு நேர்மையான பதில்! காசு வாங்கும் ஆள் சொல்லியிருக்க வேண்டியதை இவள் சொன்னாள். ஏஜென்ட்டிடம் இதைச் சொன்னதும், "அதெல்லாம் சும்மாக்கா, மாலத்தீவு மாதிரி வராது. பாப்பாவுக்கு எல்லாமே ஃப்ரீ. மே மாசம் சூப்பர் சீசன்" என்று மூன்றாவது இடமான மாலத்தீவையே பிடித்துக்கொண்டார்.

மே மாதம் சீசன் என்பதே பொய். குமரி மாவட்டத்தில் நமக்கு ஜூனில் வரும் தென்மேற்குப் பருவமழை அங்கே மே மாதமே இறங்கிவிடும். அக்டோபர் வரை காற்றும் மழையும் மாறி மாறி இருக்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் கடல் அமைதியாக இருக்கும் காலம். மே மாதம் விலை குறைவதற்கு அதுதான் காரணம். மழையானாலும் பரவாயில்லை என்று தெரிந்து போகிறவர்களுக்கு அந்த விலை நல்ல விலைதான். எங்களிடம் அப்படிச் சொல்லி விற்கவில்லை.

மார்ச்சிலேயே பணம் கட்டினோம். நான்கு இரவு, வாட்டர் வில்லா, காலை இரவு உணவு, சீ பிளேன் (தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம்) உட்பட மூவருக்கும் 3,10,000 ரூபாய். அதற்கு மேல் 5 சதவீதம் டிசிஎஸ் (ஏஜென்ட் நம்மிடம் வாங்கி வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டிய வரி) என்று 15,500. விசா பிராசஸிங் என்று தனியாக ஒரு தொகை. மாலத்தீவு சுற்றுலா வரும் இந்தியர்களுக்கு இறங்கியதும் இலவசமாகவே அனுமதி கொடுக்கிறது. பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும், அதுவும் இலவசம். இதற்கு யார் காசு கேட்டாலும் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து விமானம். டிக்கெட் போட்டதும் அதே ஏஜென்ட்தான். தலைநகர் மாலேயில் இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் ரிசார்ட் இருந்தது வடக்கே ரா அட்டோல் என்ற தீவுக் கூட்டத்தில், சீ பிளேனில்தான் போக வேண்டும். சீ பிளேன் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். விமானி கண்ணால் பார்த்துத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும், இரவில் ஓட்டமாட்டார்கள். சுமாராக மூன்றரை மணிக்குள் மாலேயில் இறங்காவிட்டால் அன்றைக்கு ரிசார்ட் கிடையாது. மாலத்தீவு டிக்கெட் போடுகிற எவருக்கும் இது பால பாடம். கவுண்டரில் இருந்தவர்கள் நாளைக் காலை வரச் சொன்னார்கள். ஏஜென்ட்டின் போன் எடுக்கப்படவில்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஹுல்ஹுமாலேயில் சொந்தக் காசில் அறை எடுத்துத் தங்கினோம். ரிசார்ட்டில் பணம் கட்டிய முதல் இரவு அப்படியே போயிற்று.

மறுநாள் காலையில்தான் சீ பிளேன் பட்டியலில் மகளுடைய பெயர் இல்லை என்பது தெரிந்தது. சீ பிளேன் போகவர ஒரு ஆளுக்குப் பெரும்பாலும் 400-லிருந்து 600 டாலர் வரை ஆகும் நாடு அது. குழந்தைக்கும் கட்டணம் உண்டு. கார்டைத் தேய்த்து இடம் வாங்கினோம்.

ரிசார்ட் வரவேற்பில் இருந்த தம்பி இலங்கைத் தமிழர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என் கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அண்ணை, இதில ரெண்டு பெரியாக்கள் எண்டுதான் போட்டிருக்கு. பிள்ளையின்ர பேரே இல்லை. பன்னிரண்டு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையளை வாட்டர் வில்லாவில விடமாட்டினம். ஏஜென்டுக்கு அனுப்பின பேப்பர்லயும் இது இருக்கு." அந்தத் தாளைத் திருப்பிக் காட்டினார். குழந்தை விதி தெளிவாக அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த பிறகு ஏஜென்ட்டுக்குத் தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. குழந்தையைச் சேர்த்தால் வாட்டர் வில்லா கிடைக்காது, விலையும் ஏறும், அதனால் சேர்க்கவில்லை.

கரையிலிருந்த பீச் வில்லாவுக்கு மாற்றினார்கள். வில்லா நன்றாகத்தான் இருந்தது, ரிசார்ட்டைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கூடுதல் படுக்கை, மகளின் சாப்பாடு, அவளுக்கான பசுமை வரி (சுற்றுலாப் பயணிகளிடம் மாலத்தீவு அரசு வாங்குவது) எல்லாம் பில்லில் ஏறின. 2025 ஜனவரியிலிருந்து ரிசார்ட்டுகளில் இந்த வரி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர்; இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் விலக்கு. அறை விலை கேட்கும்போது "பிளஸ் பிளஸ்" என்று சொன்னால் 10 சதவீத சேவைக் கட்டணமும் சுற்றுலா ஜிஎஸ்டியும் அதில் சேரவில்லை என்று அர்த்தம். அந்த ஜிஎஸ்டி 2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம்.

தண்ணீர் மேலே தூங்கப்போகிறோம் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்தவள் என் மகள். மரப்பாலத்தில் நடந்துபோய் மற்றவர்களின் வில்லாக்களைப் பார்த்துவிட்டு, "அது நம்மளுது இல்லையா?" என்று கேட்டாள். இதை எழுதும்போதுகூட எனக்குக் கோபம் அடங்கவில்லை.

ஊர் திரும்பியதும் ஏஜென்ட் சொன்னது: "அது ரிசார்ட் பாலிசி மேடம், நாங்க என்ன பண்ண முடியும்?" வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய உட்கார்ந்தபோது இன்னொன்றும் வெளிவந்தது. வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு வாங்கும் டிசிஎஸ் நம் பான் எண்ணில் வருமான வரித்துறையின் பதிவில் வர வேண்டும். கணக்குத் தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பப் பெறவும் வழி உண்டு. எங்கள் 15,500 அதில் இல்லவே இல்லை.

நீங்கள் போவதாக இருந்தால், ஏஜென்ட்டின் லோகோ போட்ட வவுச்சரை புக்கிங் என்று நம்பாதீர்கள். முழுப்பணம் கட்டும் முன் ரிசார்ட்டின் கன்ஃபர்மேஷன் எண்ணை வாங்கி, ரிசார்ட்டின் ரிசர்வேஷன் பிரிவுக்கு நீங்களே மெயில் போடுங்கள். தங்கும் எல்லோருடைய பெயர், குழந்தையின் வயது, அறை வகை, சாப்பாடு, மாலேயில் இறங்கும் நேரம், அங்கிருந்து எதில் கூட்டிப் போவார்கள் என்று எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். ரிசார்ட்டிடம் பேச ஏஜென்ட் தடை போட்டால் அந்த ஆளிடம் வேண்டாம். விமானம் சாயங்காலம்தான் என்றால் மாலேயைச் சுற்றியுள்ள காஃபு அட்டோல் ரிசார்ட்டாகப் பாருங்கள். ஸ்பீட் போட் இருட்டிய பிறகும் ஓடும். குழந்தைகளை வாட்டர் வில்லாவில் அனுமதிக்கும் ரிசார்ட்டுகளும் அங்கே உண்டு, அதையும் மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஏஜென்ட் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வாட்ஸப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, ரிசார்ட் பில், ஹுல்ஹுமாலே அறை பில் எல்லாவற்றையும் இணைத்து நாங்கள் போட்டுவிட்டோம், வழக்கு நடக்கிறது.