துணியில் நீலநிற அச்சா, உடம்பில் புரொஜெக்டரா?

தன் முகத்தோடு அம்மா, அம்மாயியின் பழைய படங்களைச் சேர்த்து, 'பொண்ணுன்னா இப்படித்தான்' என்ற பிம்பத்தைக் கேள்வி கேட்க நினைக்கும் சேலத்துப் பெண்களுக்கு வரும் குழப்பம் இது: துணியில் ரசாயனம் பூசி, வெயிலில் நீலநிறமாகப் படம் பதிக்கும் சயனோடைப்பா, உடம்பின்மேல் படத்தை ஒளியாக விழவைக்கும் புரொஜெக்டரா?

செலவு
சயனோடைப்: இரண்டு ரசாயனம், பிரஷ், கண்ணாடி, ஓஎச்பி ஷீட்டில் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) அச்சடித்த நெகட்டிவ்.
புரொஜெக்டர்: வாங்கினால் கையைக் கடிக்கும். வாடகைக்கு எடுங்கள்.

வெளிச்சம்
சயனோடைப்: சேலத்து வெயிலில் சில நிமிடங்களில் பதிந்துவிடும். ஏற்காட்டில் மூட்டம் இறங்கினால் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.
புரொஜெக்டர்: இருட்டும் கரண்டும் வேண்டும். மூட்டத்தில் ஒளிக்கற்றையே தெரியும், அது தனி அழகு.

நீடிப்பு
சயனோடைப்: பருத்தி, பட்டில் நன்றாகப் பிடிக்கும். பாலியஸ்டர் சேலையை மறந்துவிடுங்கள். சோப்பும் சலவைச் சோடாவும் நீலத்தைத் தின்றுவிடும். அலசுவதற்கு போர் தண்ணீரைவிடக் காவிரித் தண்ணீர் நல்லது. முதல் அலசலில் கொஞ்சம் வினிகர் சேர்க்கலாம். வெயிலில் வெளிறினால் இருட்டில் வையுங்கள், ஓரளவு திரும்பி வரும்.
புரொஜெக்டர்: அணைத்தால் போச்சு. போட்டோவோ வீடியோவோ எடுத்தால்தான் மிஞ்சும்.

1842-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறையில், அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிப் படங்களைப் புத்தகமாக்கத் தொடங்கிவிட்டார். பெண் கை பட்ட நுட்பம் என்பதால் எனக்கு இதன்மேல் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு.

அம்மாயியின் வெள்ளைச் சேலையிலேயே அவர் முகத்தைப் பதிக்க ஆசையா? சயனோடைப். உங்கள் தோலின்மேல் அவர் முகம் அசைய வேண்டுமா, ஆப் ஃபில்டர் முகங்கள் மாறிமாறி விழ வேண்டுமா? புரொஜெக்டரை எடுங்கள்.