டிஐடி ஆவணத்தின் இலக்கணம் எங்கே இருக்க வேண்டும்?

டிஐடி எனப்படும் பரவலாக்கப்பட்ட அடையாளங்காட்டி (எந்த மைய நிறுவனத்தையும் சாராத இணைய அடையாளப் பெயர்) ஒன்றைக் கொடுத்துத் தேடினால் திரும்பி வருவது ஒரு சிறு ஆவணம். பொதுச் சாவிகள் அதில் இருக்கும். எந்தச் சாவி உள்நுழைவுக்கு, எது சான்றில் கையொப்பமிட, எது ரகசியப் பரிமாற்றத்துக்கு என்ற விவரமும் இருக்கும். இந்த ஆவணத்தின் இலக்கணத்தை, அதாவது தரவு மாதிரியை, எந்தத் தரநிலையில் எழுதிவைப்பது என்பதில் வலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி மூன்று வழிகளைப் பார்த்துவிட்டது.

முதல் வழி, டிஐடி மூலத் தரநிலைக்குள்ளேயே வைப்பது. 2022 ஜூலை 19 அன்று பரிந்துரை நிலையை (டபிள்யூ3சி-யின் இறுதித் தரநிலை) எட்டிய 1.0 பதிப்பு இதைத்தான் செய்தது, அதுவும் சுற்றி வளைத்து. முதலில் எந்த எழுத்து வடிவத்தையும் சாராத ஓர் அருவ மாதிரி. அதன்மேல் ஜேசான் என்ற எளிய தரவு எழுத்து வடிவம், சொற்களின் பொருளையும் சுட்டும் ஜேசான்-எல்டி என இரண்டு வடிவங்கள். சிபிஓஆர் என்ற இரும வடிவம் தனிக் குறிப்பாக ஒதுங்கியது. வெறும் ஜேசான் போதும் என்றவர்களும், சொற்களின் பொருளைச் சுட்டும் சூழல் வரி கட்டாயம் வேண்டும் என்றவர்களும் விட்டுக்கொடுக்காததால் பிறந்த ஏற்பாடு இது. வடிவமைப்பு என்பதைவிட சமாதான ஒப்பந்தம் என்றே இதைச் சொல்வேன். விலையைக் கொடுத்தவர்கள் நிரலாளர்கள்: ஒரே ஆவணத்துக்கு இரண்டு ஊடக வகைகள் (கோப்பின் வடிவத்தை நிரலுக்குச் சொல்லும் பெயர்கள்), இரண்டு விதமான வாசிப்பு விதிகள்.

இரண்டாவது வழி பதிவேடு. மூலத்தில் எலும்புக்கூடு மட்டும் இருக்க, சாவி வகைகளைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டே போகலாம். புதியது வந்தால் தரநிலையைத் திருத்த வேண்டியதில்லை என்பது நியாயமான வாதம்தான். ஆனால் நடந்ததைப் பாருங்கள். எட்25519 என்ற கையொப்ப முறையின் பொதுச் சாவி வெறும் 32 பைட். அதற்கு 2018 ஆண்டைப் பெயரில் தாங்கிய வகை ஒன்று, 2020-ஐத் தாங்கியது இன்னொன்று, சாவியை ஜேசானாக எழுதும் ஜேசான் வலைச் சாவி வகை மற்றொன்று. 2018 வகை பேஸ்58 எழுத்தில், 2020 வகை மல்டிபேஸ் எழுத்தில்; இரண்டும் பைட்களை எழுத்துகளாக மாற்றும் முறைகள். சாவி ஒன்றுதான், சட்டை மூன்று. பதிவேட்டுக்கு வாயில் உண்டு, காவலாளி இல்லை.

மூன்றாவது வழியே எனக்கு உகந்தது: தரவு மாதிரியைத் தனி ஆவணமாகப் பிரிப்பது. 2025 மே 15 அன்று, சரிபார்க்கத்தக்க சான்றுகள் (கையொப்பமிட்ட மின்னணுச் சான்றுகள்) தரநிலையின் 2.0 பதிப்போடு சேர்ந்து, 'கட்டுப்படுத்தப்படும் அடையாளங்காட்டிகள் 1.0' பரிந்துரையானது. சாவி விவரங்களும் அவற்றின் பயன்களும் அங்கே குடியேறின. சாவியை எழுத மல்டிகீ, ஜேசான் வலைச் சாவி என இரண்டு வகைகளும் அங்கேயே வரையறுக்கப்பட்டன. முக்கியமான மாற்றம் வேறு: அடையாளங்காட்டி டிஐடியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, சாதாரண வலை முகவரியும் போதும். ஒரு பல்கலைக்கழகம் தன் இணையதள முகவரியிலேயே சாவியை வைத்துப் பட்டச் சான்று வழங்க நினைத்தால், டிஐடி தரநிலை முழுவதையும் விழுங்க வேண்டியதில்லை. கையொப்பத்தைச் சரிபார்ப்பவருக்கு வேண்டியது சாவிதானே, அது எந்த வழியாக வந்தால் என்ன?

குறை இல்லாமல் இல்லை. ஒரு சாவியின் பொருளை அறிய இரண்டு மூன்று ஆவணங்களுக்கிடையே தாவ வேண்டியிருக்கிறது. புதிதாக வருபவருக்குத் தலை சுற்றும். அதைவிடச் சங்கடமானது, தரவு மாதிரி வெளியேறிய பின் டிஐடியில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வி. 1.0 பதிப்பை கூகுள், மொசில்லா, ஆப்பிள் ஆகியவை முறைப்படி எதிர்த்தபோது சுட்டிக்காட்டியவற்றில் ஒன்று, உள்ளே எந்த டிஐடி முறையும் (டிஐடியை உருவாக்கவும் தேடிப் பெறவும் உள்ள குறிப்பிட்ட வழி) தரப்படுத்தப்படவில்லை என்பது. அப்போதே பதிவேட்டில் 100க்கும் மேற்பட்ட முறைகள் இருந்தன. எதிர்ப்பு 2022-இல் தள்ளுபடியானது. ஆனாலும் அன்று உறுதியாகத் தரப்படுத்தப்பட்டிருந்தது பெயரின் தொடரமைப்பும் ஆவணத்தின் தரவு மாதிரியும்தான். அதில் பெரிய பங்கு இப்போது வேறு வீட்டில்.

மிஞ்சுவது அந்தத் தொடரமைப்பும், பெயரைக் கொடுத்து ஆவணத்தைப் பெறும் செயல்முறையும். இந்தச் செயல்முறைக்குத் தனித் தரநிலை தயாராகிறது. உண்மையான சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. டிஐடி தரநிலையின் 1.1 வரைவும் பழைய இரண்டு ஊடக வகைகளை ஒன்றாக்கியிருக்கிறது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களோ இன்னும் சில ஆண்டுகளுக்கு இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.