வீசிங் ஒரே பக்கம் கேட்கிறதா என்று கேளுங்கள்

எங்கள் மகனுக்கு 2 வயது முடிந்த சமயத்தில் வீசிங் தொடங்கியது. அடுத்த 7 மாதமும் ஒரே டாக்டரிடம்தான் காட்டினோம். ஆஸ்துமா என்றார். நெபுலைசர், ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாய் வைத்து இன்ஹேலர், நடுநடுவே ஸ்டீராய்டு சிரப், காய்ச்சல் வந்தால் ஆன்டிபயாடிக். நாலு நாள் குறையும், ஐந்தாம் நாள் மறுபடி இழுக்கும். போகும்போதெல்லாம் மருந்து கூடியது. மருந்து ஏன் கேட்கவில்லை என்று மட்டும் அவர் யோசிக்கவே இல்லை.

ஆஸ்துமா என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. குழந்தைக்கு இழுப்பு என்றால் பெரும்பாலும் வைரஸ் சளியோ ஆஸ்துமாவோதான், முதலில் அதை நினைப்பது நியாயம். ஆனால் முதல் நாளே நான் ஒன்று சொன்னேன். "இருமல் ஆரம்பிக்கிறதுக்கு முந்தின நாள் பொம்மையை வாயில வச்சுக்கிட்டு ஓடினான் டாக்டர். புரையேறி முகமெல்லாம் சிவந்துடுச்சு, அப்புறம் சரியாயிடுச்சு." சீட்டு எழுதிக்கொண்டே, "அதான் சரியாயிடுச்சே" என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு "கிளியர்" என்றார். நானும் நம்பினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

மூன்றாவது முறை நிமோனியா வந்தபோதுதான், மூன்றுமே வலது பக்கம் கீழே, அதே இடத்தில் என்பது உறைத்தது. குழந்தைகளுக்கான நுரையீரல் மருத்துவரிடம் ஓடினோம்.

அவர் முதல் அரைமணி நேரம் கேள்விதான் கேட்டார். பிறந்ததிலிருந்தே சத்தம் உண்டா, பால் குடிக்கும்போது கூடுமா? (இதயத்திலிருந்து கிளம்பும் ரத்தக்குழாய் சிலருக்குப் பிறவியிலேயே மூச்சுக்குழாயை வளையம் போலச் சுற்றி நெரிக்குமாம்.) எடை ஏறுகிறதா, மலம் எண்ணெய்ப் பசையாகப் போகிறதா? அது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்காக; நுரையீரலில் சளி கெட்டியாகிவிடும் ஒரு பிறவி நோய். வியர்வையில் உப்பைச் சோதித்தால் தெரியும். வீட்டில் யாருக்காவது காசநோய் உண்டா? நெஞ்சுக்குள் நெறிகட்டினால் அதுவும் மூச்சுக்குழாயை அழுத்துமாம். கடைசியாக, "எப்பவாவது புரையேறிச்சா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டிவிட்டார். இடது பக்கம் சாதாரணக் காற்றுச் சத்தம். வலது பக்கம் காற்றே குறைவு. மூச்சு விடும்போது மட்டும் ஒரே சுருதியில் மெல்லிய விசில். ஆஸ்துமா என்றால் பொதுவாக இரண்டு பக்கமும், பல சுருதியில் கலந்து கேட்கும் என்றார். பிளாஸ்டிக்கும் கடலைப் பருப்பும் எக்ஸ்ரேயில் தெரியாது, படம் சுத்தமாக இருந்தாலும் உள்ளே எதுவும் இல்லை என்று ஆகிவிடாது என்றார். இடது கிளையைவிட வலது மூச்சுக்குழாய்க் கிளை அகலம், செங்குத்தும்கூட; பல நேரம் அதில்தான் போய் விழும்.

மயக்கம் கொடுத்து பிராங்கோஸ்கோபி செய்தார்கள், அதாவது மூச்சுக்குழாய்க்குள் கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்தார்கள். பொம்மைக் காரின் சக்கரத்தில் உடைந்த துண்டு, என் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவு. சுற்றிலும் சதை வளர்ந்து மூடியிருந்ததால் எடுக்க நேரமானது. பிறகு நுரையீரல் தேற இன்னும் சில வாரங்கள்.

இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரைத் தானாக நிறுத்திவிடாதீர்கள்; ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அது ஆபத்து. ஒழுங்காக மருந்து கொடுத்தும் அடங்கவில்லையா, ஒரே பக்கம் கேட்கிறதா, திடீரென ஒருநாள் ஆரம்பித்ததா, நிமோனியா ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் வேறொரு டாக்டரிடம் காட்டுங்கள். புரையேறிய கதை இருந்தால், அதைச் சீட்டில் எழுதும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள்.

அந்தத் துண்டை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு பழைய டாக்டரிடம் போனேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரேர் கேஸ்ங்க" என்றார். அவர் எழுதிய முதல் சீட்டை மேசையில் விரித்தேன். காய்ச்சல் இல்லை, பசி உண்டு, தடுப்பூசி போட்டாகிவிட்டது, எல்லாம் இருந்தது. புரையேறியது மட்டும் இல்லை.