சொந்தமாகத் தோட்டா நிரப்புவது லாபமா? 9 மி.மீ.க்கும் 6.5 கிரீட்மோருக்கும் என் கணக்கு

டெக்சாஸில் சுடுதளத்துக்குப் போகும் நம் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்: சுட்டு முடித்த தோட்டாவை நாமே மறுபடி நிரப்பினால் காசு மிச்சமாகுமா? சில வருடங்களாக கைத்துப்பாக்கிக்கான 9 மி.மீ., ரைஃபிளுக்கான 6.5 கிரீட்மோர் என இரண்டு வகைத் தோட்டாவையும் நிரப்பிவருகிறேன். எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதைவிட, ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

பித்தளைக் கூடு, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், வெடிமருந்து, குண்டு என்று தோட்டாவுக்கு நான்கு பாகங்கள். கூடு மட்டும்தான் திரும்பப் பயன்படும். மற்ற மூன்றையும் ஒவ்வொரு முறையும் வாங்கியே ஆக வேண்டும்.

ஒரு பவுண்டு மருந்து என்பது 7,000 கிரெய்ன். 9 மி.மீ.க்கு ஏறக்குறைய 5 கிரெய்ன் போதும் என்பதால் மருந்துச் செலவு பெரிதே இல்லை. நான் வாங்கும் விலையில் ஒரு தோட்டா 20 சென்ட்டுக்கு முடிகிறது. கடையில் 24 சென்ட். கைப்பிடியை இழுத்தால் ஒரு வேலை மட்டுமே செய்யும் சாதாரண நிரப்பும் கருவியில் (பிரஸ்) மணிக்கு ஐம்பது தேறும். அதாவது மணிக்கு 2 டாலர்! இதற்காக உட்கார வேண்டாம். டில்லன் நிறுவனத்தினுடையது மாதிரி, ஒரே இழுப்பில் பல வேலைகளையும் சேர்த்துச் செய்யும் புரோகிரசிவ் பிரஸ் மணிக்குப் பல நூறு தள்ளும், ஆனால் துணைக்கருவிகளோடு சேர்த்தால் 1,000 டாலர் தாண்டிவிடும்.

6.5 கிரீட்மோர் கதை வேறு. மருந்து 40 கிரெய்ன் அளவுக்குப் போகும், குண்டும் விலை அதிகம். அப்படியும் எனக்கு 90 சென்ட் ஆகிறது. அதே தரத்தில் கடைத் தோட்டா 1.60 டாலருக்குக் குறையாது. கூட்டைச் சுத்தம் செய்து, நீளம் வெட்டி, மருந்தை நிறுத்துப் போட நேரம் பிடிக்கும். மணிக்கு முப்பது என்று வைத்தாலும் 20 டாலர் நிற்கிறது. அதோடு, குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்பதை என் ரைஃபிளுக்கு ஏற்றபடி வைக்கலாம். 600 கெஜத்துக்கு மேல் போனால் அந்த வித்தியாசம் இலக்கில் தெளிவாகத் தெரிகிறது.

“தட்டுப்பாடு வந்தாலும் கவலையில்லை” என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். 2020, 2021-இல் தோட்டாவோடு சேர்ந்து பிரைமரும் கடைகளில் இல்லாமல் போனது.

கவனம் சிதறுபவர்கள் இதைத் தொடவே வேண்டாம். 9 மி.மீ. கூட்டில் சில வகை மருந்து பாதிகூட நிரம்பாது, அதனால் தவறி இருமுறை விழுந்தாலும் இடம் இருக்கும், வெளியே வழிந்து காட்டிக்கொடுக்காது; அதைச் சுட்டால் துப்பாக்கியே சிதறலாம். மருந்தே விழாவிட்டால் குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கும், அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம். குண்டை உட்கார வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பேன். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான். அளவை அச்சிட்ட கையேட்டிலிருந்து மட்டுமே எடுப்பேன், நண்பர் சொன்னார் என்று போடுவதில்லை. பிரைமர் புகைக்கரியில் ஈயம் உண்டு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடு சுத்தம் செய்வதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் தோட்டா வைத்திருப்பதே பொதுவாக இங்கே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு, வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் முடிவெடுக்காதவர்கள், ரைஃபிள் சுட்டால் காலிக் கூடுகளைப் பொறுக்கி வையுங்கள். பின்னால் வேண்டாமென்று தோன்றினால், நிரப்புகிறவர்கள் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.