ஒய்15-ஆ, என்விஎக்ஸ்-ஆ: நான் பிரேக்கைப் பார்த்து வாங்கினேன்

மலேசியாவின் பினாங்கில், பிறையிலிருந்து பாலம் ஏறி தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் புது மோட்டார் சைக்கிள் எடுக்க நினைத்தால், பேச்சு கடைசியில் இரண்டில் வந்து நிற்கும். ஒன்று யமாஹா ஒய்15இசட்ஆர். இன்னொன்று அதே கம்பெனியின் என்விஎக்ஸ் 155 ஸ்கூட்டர். இரண்டுக்கும் விலை பத்தாயிரம் வெள்ளியை (ரிங்கிட்டை) சுற்றித்தான். தவணையில் எடுத்தால் மாதக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. நான் எடுத்தது ஏபிஎஸ், அதாவது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் சாதனம், உள்ள என்விஎக்ஸ். அதனால் கீழே எழுதுவதை அந்தப் பக்கம் சாய்ந்தவன் எழுதுவதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். ஒய்15 என்பது 149.7 சிசி, ஐந்து கியர், கை கிளட்ச், 17 அங்குலச் சக்கரம். என்விஎக்ஸ் 155 சிசி, ஆட்டோமேட்டிக், 14 அங்குலச் சக்கரம். ஒய்15 இலேசானது, இழுவையில் கெட்டிக்காரன், ஜாமில் லோரிக்கும் காருக்கும் நடுவே நெளிந்து போக அதைவிட வசதியானது கிடையாது. என்விஎக்ஸில் சீட்டுக்குக் கீழே 25 லிட்டர் பெட்டி இருக்கிறது. மழைச்சட்டை, சாப்பாட்டு டப்பா, பேக்டரி சப்பாத்து எல்லாம் உள்ளே போய்விடும். ஒய்15இல் இதையெல்லாம் முதுகில்தான் சுமக்க வேண்டும். அழகைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது அவரவர் கண்.

திரும்ப விற்கிற கணக்கில் ஒய்15 ஜெயிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். விளம்பரம் போட்ட அன்றைக்கே ஆள் வந்துவிடுவார். ஸ்பேர் பார்ட்ஸ் எந்த மூலைக் கடையிலும் தொங்கும். ஆனால் வாங்க ஆள் நிற்கிற பொருளுக்குத் திருட ஆளும் நிற்பான். ஒய்15 வைத்திருக்கிற என் நண்பர்களில் இரண்டு பூட்டுக்குக் குறைவாகப் போடுகிறவர் யாரும் இல்லை.

சரி, பிரேக்குக்கு வருவோம். என் முடிவே இதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் ஹோண்டா ஈஎக்ஸ்5 என்ற பழைய சின்ன மோட்டாரை ஓட்டி வளர்ந்தவர்கள். தோட்டத்துச் செம்மண் சாலை, ஓரமெல்லாம் பொடிக்கல், முன்னும் பின்னும் டிரம் பிரேக். அந்தச் சாலையில் முன் பிரேக்கைச் சடாரென்று பிடித்தால் சக்கரம் வழுக்கி ஆள் கீழேதான். அதனால் "முன் பிரேக்கத் தொடாத தம்பி, தூக்கி அடிச்சிரும்" என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைக்கு அது சரியான புத்திமதி. இன்றைக்குத் தார்ச்சாலையில், அவர்கள் போனதைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் போய்க்கொண்டே அதே பழக்கத்தை வைத்திருப்பதுதான் ஆபத்து. பேக்டரி வாசலில் நின்று கவனித்துப் பாருங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் வலது காலால் மட்டும் நிறுத்துகிறார்கள், கை லீவரைத் தொடுவதே இல்லை.

பிரேக் பிடித்ததும் மோட்டாரின் எடை, ஓட்டுகிறவரின் எடை இரண்டும் முன்னால் சாய்கிறது. முன் டயர் சாலையில் நன்றாக அழுந்துகிறது, பின் டயர் இலேசாகிறது. இலேசான டயரை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் அது லாக் ஆகி, அதாவது சுழலாமல் நின்று, இழுபடுமே தவிர வேகம் அவ்வளவாகக் குறையாது. ஒய்15க்குப் பின்னாலும் டிஸ்க் பிரேக் என்பதால் இன்னும் சுலபமாக லாக் ஆகும், வால் ஒரு பக்கம் போகும். மணிக்கு 72 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 20 மீட்டர். கண் பார்த்துக் கை வேலை செய்வதற்குள்ளேயே ஒரு நொடி, அதாவது 20 மீட்டர், போய்விடும். அதற்கப்புறம், காய்ந்த சாலையில் இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடிக்கத் தெரிந்தவருக்கு நிற்க முப்பது மீட்டர் போதும் என்றால், பின் பிரேக்கை மட்டும் நம்புகிறவருக்கு ஏறக்குறைய அதைப்போல இரண்டு மடங்கு வேண்டும். அந்த மிச்ச முப்பது மீட்டரில் முன்னால் நிற்கிற லோரி இருக்கிறது.

ஆக, பிழைக்க வேண்டுமென்றால் முன் பிரேக்கைப் பிடித்தாக வேண்டும். ஆனால் மழையில் முன் சக்கரம் லாக் ஆனால், வால் ஆட்டுகிற பின் சக்கரத்தைப்போல அது உங்களுக்கு இரண்டாவது வாய்ப்புத் தராது. கண் இமைப்பதற்குள் மோட்டார் படுத்துவிடும். பெரியவர்களின் பயம் வீண் பயம் இல்லை. கைதேர்ந்தவர்கள் லீவரை முதலில் மெதுவாக அணைத்து, எடை முன்னால் வந்து டயர் அழுந்திய பிறகு இறுக்குவார்கள். நிதானமாக இருக்கும்போது இது எனக்கும் வரும். இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கம் கண்ணில் நிற்க, முன்னால் ஒரு பேக்டரி பஸ் சடாரென்று நின்றால் வருமா? அந்த இடத்தில் என் கையை நானே நம்பத் தயாராக இல்லை. ஏபிஎஸ்ஸுக்கு நான் காசு கொடுத்த காரணம் இதுதான்.

அது செய்கிற வேலை எளிமையானது. முன் சக்கரத்தோடு சுழலும் வளையத்தை ஒரு சென்சார் விடாமல் படித்துக்கொண்டே இருக்கும். சக்கரம் நிற்கப் போகிறது என்று தெரிந்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை ஒரு கணம் விட்டு, மறுபடி பிடித்து, மறுபடி விடும். நொடிக்குப் பல தடவை நடக்கும். 1988-இல் பிஎம்டபிள்யூ முதன்முதலாக மோட்டார் சைக்கிளுக்கு இதைக் கொண்டுவந்தபோது அந்தச் சாமானே ஏறக்குறைய 11 கிலோ. இன்றைக்கு உள்ளங்கைக்குள் அடங்குகிறது.

துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில், மழை பிடித்த ஒரு சாயங்காலம், எனக்கு அது முதல் தடவை நிஜமாக வேலை செய்தது. முன்னால் போன பஸ் வெள்ளைக் கோட்டின்மேல் நின்றுவிட்டது. இறுக்கினேன். லீவர் விரலுக்கடியில் கடகடவென்று துடித்தது, மோட்டார் நேர்கோட்டிலேயே போய் நின்றது. அந்தத் துடிப்பு தெரியாத ஆளைப் பயமுறுத்தும். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து லீவரை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விடவே கூடாது. துடிக்கத் துடிக்கப் பிடித்தபடியே இருக்க வேண்டும். ஏபிஎஸ் மோட்டார் எடுத்தவர் முதல் வாரமே காலியான கார் நிறுத்துமிடம் ஒன்றில், மழை விட்ட பிறகு, நேராக 30 கிலோமீட்டர் வேகத்தில் போய் அந்தத் துடிப்பை வேண்டுமென்றே வரவழைத்துப் பார்ப்பது நல்லது. மோட்டார் ஓட்டும் பி2 லைசன்ஸ் எடுக்கும்போது எட்டு போட்டேன், தித்தி என்கிற குறுகிய பலகைப் பாலம் ஏறினேன், எல்லாம் மெதுவான வேகத்துச் சமநிலை. முன் பிரேக்கை முழுதாக இறுக்கிப் பழகியது அங்கே இல்லை, இந்த ஸ்கூட்டரில்தான்.

பாலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 ஜனவரியிலிருந்து இரண்டு பாலத்திலும் மோட்டாருக்குக் கட்டணம் கிடையாது என்பதால் ஓரத்து மோட்டார் பாதை ஷிப்ட் நேரத்தில் நிரம்பி வழிகிறது. முதல் பாலம் 13.5 கிலோமீட்டர், பத்து காவான் பக்கத்து இரண்டாம் பாலம் 24 கிலோமீட்டர். இரண்டிலுமே பக்கக் காற்று தள்ளும். நனைந்த இரும்பு இணைப்புகளின்மேல் டயர் ஏறும்போது பிரேக்கில் கை இருக்கக் கூடாது. இதில் எந்த மோட்டாரும் உசத்தி இல்லை. காற்றில் ஒய்15இன் பெரிய சக்கரம் கொஞ்சம் நிதானமாக நிற்கிறது என்று ஓட்டிப் பார்த்தவரை சொல்வேன். குழியில் இறங்கினாலும் அதுதான் தாங்குகிறது. என்விஎக்ஸின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் இடுப்பெலும்புக்குத் தெரியப்படுத்தும்.

ஒய்15 நிஜமாகவே முந்துகிற இடம் மலை. பாயா தெருபோங்கிலிருந்து துன் சார்டோன் சாலை வழியாக பாலேக் பூலாவ் இறங்கிப் பாருங்கள். கியரை மூன்றுக்கோ இரண்டுக்கோ குறைத்தால் இஞ்சினே மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அவ்வப்போது தொட்டால் போதும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு, வேகம் ரொம்பக் குறைந்ததும் கிளட்ச் தானாக விட்டுவிடும், மோட்டார் உருளும். இறக்கம் முழுக்கப் பிரேக்தான். முடிவில் வாசனையே வரும். பாலேக் பூலாவிலிருந்து தினமும் மலை ஏறி இறங்கி வேலைக்கு வருகிறவராக இருந்தால் நானே ஒய்15 பக்கம் போயிருக்கலாம்.

ஏபிஎஸ்ஸையும் கடவுளாக்க வேண்டாம். என்விஎக்ஸில் அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின்னால் இருப்பது டிரம், அது லாக் ஆகத்தான் செய்யும். வளைவில் சாய்ந்திருக்கும்போது இறுக்கினால் இந்த வகை ஏபிஎஸ் காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. சாய்மானத்தைக் கணக்கில் எடுக்கிற ஏபிஎஸ் விலையுயர்ந்த பெரிய மோட்டார்களில்தான் வருகிறது, அதை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. பொடிக்கல்லிலும் மணலிலும் ஏபிஎஸ் சில சமயம் நிற்கிற தூரத்தைக் கூட்டவே செய்யும். டயர் வழவழவென்று தேய்ந்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஒய்15க்கு மெல்லிய டயர் மாட்டி அழகு பார்க்கிற தம்பிகளுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. சாலையில் ஒட்டுகிற ரப்பரையே குறைத்துவிட்டு அப்புறம் பிரேக் சரியில்லை என்றால் யார் என்ன செய்வது?

பராமரிப்பில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கொன்று சரி. ஒய்15க்குச் செயின், ஸ்ப்ராக்கெட், கிளட்ச் தட்டு. என்விஎக்ஸுக்குப் பெல்ட், ரோலர். பெல்ட்டை இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது, நடுப்பாலத்தில் அறுந்தால் தள்ளிக்கொண்டு போகத்தான் வேண்டும். ஏபிஎஸ் உள்ள மோட்டாருக்கு பிரேக் ஆயில் முக்கியம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நான் போன ஒரு ஒர்க்ஷாப்பில் "இதெல்லாம் மாத்தத் தேவையில்ல பாஸ், நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். மூடியைத் திறந்து பார்த்தால் காப்பி நிறம். அதற்கப்புறம் கடையை மாற்றிவிட்டேன்.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2025 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புது மாடல்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம். ஒய்15இன் 149.7 சிசியை நினைத்துப் பாருங்கள், அந்தக் கோட்டுக்கு மயிரிழை கீழே உட்கார்ந்திருக்கிறது. இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்தே 125 சிசிக்கு மேல் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் வேண்டும். இங்கே சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் மோட்டார்காரர்கள், அவர்கள் அதிகம் ஓட்டுவது கப்சாய், அதாவது ஈஎக்ஸ்5, ஒய்15 போன்ற சின்ன மோட்டார். கோட்டை அந்தக் கப்சாய்க்கு மேலே கிழித்தது எனக்கு உறுத்துகிறது. விலை ஏறினால் ஏழை தொழிலாளி என்ன செய்வான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே தொழிலாளி ஸ்போர்ட் ரிம்முக்கும் எக்ஸாஸ்டுக்கும் கொடுக்கிற காசை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

யார் எதை எடுக்கலாம் என்று கேட்டால், கியரும் கிளட்சும் கைக்குப் பழகி, முன் பிரேக்கையும் முறையாகப் பயன்படுத்துகிறவர், மலைப்பக்கம் இருக்கிறவர், மூன்று வருடத்தில் விற்றுவிட நினைக்கிறவர் ஒய்15 எடுப்பதில் எனக்கு எதிர்ப்பு இல்லை. மழையிலும் இரவிலும் பாலம் கடந்து வேலைக்குப் போகிறவர், முக்கியமாக இத்தனை வருடம் காலாலேயே பிரேக் பிடித்துப் பழகியவர், ஏபிஎஸ் உள்ளதை எடுக்கட்டும். மனைவியும் அதே மோட்டாரை ஓட்டுவதாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

பழையது வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. என்விஎக்ஸ் எல்லாவற்றிலும் ஏபிஎஸ் கிடையாது, விற்கிறவர் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். குனிந்து முன் சக்கரத்தின் நடுவில் பாருங்கள், டிஸ்க்கோடு சேர்ந்து துளைகள் வரிசையாக உள்ள ஒரு சின்ன வளையமும், அதை ஒட்டி ஒயரோடு ஒரு சென்சாரும் இருக்க வேண்டும். சாவி போட்டதும் மீட்டரில் ஏபிஎஸ் விளக்கு எரிய வேண்டும், கொஞ்ச தூரம் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் யாரோ கோளாறை மறைக்க விளக்கின் தொடர்பையே பிடுங்கிவிட்டிருக்கலாம். அந்த மோட்டாருக்கு விலை பேசவே வேண்டாம்.